மெக்சிகோ பாட்டுக்காரர்

பாறசாலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் நரைத்த தலையுடைய கப்பல் சமையல்காரர். ஜன்னல் கம்பியில் தாளம் தட்டி, புரியாத மொழியில் பாடினார். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"மெக்சிகோக்காரனுக்க பழைய காதல் பாட்டாக்கும். எழுதினது ஆருண்ணு தெரியாது. பாடுகவன் எல்லாம் தன் பெண்ணுக்காக ஒரு வரி சேப்பான். அப்படி வளந்த பாட்டு. அது கிடக்கட்டு, உனக்கு என்ன இப்படி வெயர்க்குது? பெண்ணு காணப் போறியா மக்கா?"

ஆமாம். முன்பு பார்த்த இரண்டு பெண்களிடமும் வெட்கத்தால் நான் வாயே திறக்கவில்லை. "எனக்குப் பாட்டு வராதண்ணே" என்றேன்.

"பாடாண்டாம்லே. ஒரு வரி பேசு. நல்லா இல்லேண்ணா அவ சிரிப்பா. சிரிச்சா லாபமாக்கும்."

பாறசாலையில் பஸ் மாறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அங்கே அந்தப் பெண் சாயா தந்தபோது, "உங்க கிணத்துத் தண்ணி நல்ல ருசி" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

அடுத்த மாதம் கல்யாணம். பெயர் கேட்காததால் அந்தச் சமையல்காரரை அழைக்க வழியில்லை. பஸ்ஸில் யாராவது பாட்டு முணுமுணுத்தால் திரும்பிப் பார்க்கிறேன்.