கல்யாண மண்டபத்தில் ஒரு புகையில்லா எதிர்காலம்

போன வருடம் ஆடி மாதம், வானகரத்தில் பைபாஸை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் மண்டபக்காரர்கள் அந்த ஒரு மாதம் கம்பெனிக் கூட்டங்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் கொடுப்பார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கைதட்டல் வாங்கி, அடுத்த நிமிடமே அந்த நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அம்பத்தூரில் இருக்கிறேன். ஆங்கிலத்தைத் தமிழாக்குவது பிழைப்பு. வாஷிங் மெஷின் கையேடு, இன்ஷூரன்ஸ் நிபந்தனைகள், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் என்று தமிழ்நாட்டில் யாரும் படிக்காமல் தூக்கி எறிகிற காகிதங்களில் கணிசமானவை என் கைவண்ணம். நிறைய வாசிக்கிறவன் என்பதால் எனக்குள் ஓர் எழுத்தாளன் உட்கார்ந்திருப்பதாக நம்பிக்கை. அவன் இதுவரை எதுவும் எழுதியதில்லை. நான் எழுதும்போது மட்டும் தோளுக்குப் பின்னால் நின்று, 'இதை இன்னும் கொஞ்சம் நன்றாகச் சொல்லலாமே' என்பான். அந்த ஆடி மாதம் அவனால்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஒரு ஏஜென்சி மூலம் புத்தகம் வந்தது. ஒரு சிகரெட் கம்பெனியின் 'நீடித்த வளர்ச்சிக்கான வியூகம்'. பக்கத்துக்குப் பக்கம் உள்ளங்கையில் செடி துளிர்த்துக்கொண்டிருந்தது. பச்சை வயலில் குழந்தைகள் ஓடினார்கள். சிகரெட் படம் மட்டும் தேடினாலும் கிடைக்கவில்லை. சாராம்சம் இதுதான்: கம்பெனி மெல்ல மெல்லப் புகையை விட்டு விலகி, புகையில்லாப் பொருட்களுக்கு மாறப்போகிறது. மரம் நடப்போகிறது, தண்ணீரைச் சேமிக்கப்போகிறது. விவசாயி, கடைக்காரர், பூமி என எல்லோரையும் கைப்பிடித்து அழைத்துப் போகப்போகிறது.

இதை நான் எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து, சிகரெட் பிடித்தபடியே மொழிபெயர்த்தேன். எத்தனை பாக்கெட் ஆனது என்பதை வெளியில் சொன்னால் கம்பெனியின் வியூகம் கொஞ்சம் பின்தங்கிவிடும். என் மனைவி இரண்டு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, "கசாப்புக் கடைக்காரர் ஆட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடுற மாதிரி இருக்கு" என்று சொல்லி, பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனாள்.

புத்தகம் முடிந்ததும், 'வியூகத்தைக் கடைக்காரர்களுக்கு விளக்கும் கூட்டத்துக்கும் நீங்களே வந்து மேடையில் தமிழில் சொல்லிவிடுங்கள்' என்றது ஏஜென்சி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர்கள் மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். கம்பெனி அதிகாரி வடக்கிலிருந்து வந்த இளைஞர், என் அக்கா மகன் வயதிருக்கும். சிகரெட் பழக்கம் கிடையாது. சொந்த பாட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து குடித்தார். மேடையில் வேறு நாற்காலி இல்லாததால் அவர் பெண்ணுக்குரிய நாற்காலியிலும் நான் மாப்பிள்ளை நாற்காலியிலும் உட்கார்ந்தோம். முன்வரிசையில், அந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் சரக்குப் போடுகிற டீலர், வெள்ளைச் சட்டையில் பெண்ணின் அப்பா மாதிரியே இருந்தார்.

அதிகாரி பேசினார். நான் தமிழில் சொன்னேன். சமையற்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. அதனோடு போட்டி போட எந்த வியூகத்தாலும் முடியாது. புகையில்லாப் பொருள் என்று, வாயில் போட்டு மெல்லுகிற நிக்கோட்டின் சூயிங்கம்மை அதிகாரி தூக்கிக் காட்டினார். பின்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது மேடை வரைக்கும் கேட்டது.

"இன்னா மாமே, புகையே வராதாம்?"

"ஆமா நைனா. பொண்ணு வராத கல்யாணம் மாரி. பிரியாணி கீதுல்ல, துன்னுட்டுப் போய்க்கினே இரு."

பின்வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பொறாமையாக இருந்தது. அரை மணி நேரமாக நான் பேசுகிறேன், ஒருவர் முகத்திலும் அசைவில்லை. அந்த நேரம் பார்த்து அதிகாரி, "இந்த மாற்றத்தில் எங்கள் சில்லறை வணிகக் கூட்டாளிகளுக்குத் துணையாக இருப்போம்" என்றார். அதை அப்படியே சொன்னேன். கூட்டத்திலிருந்து ஒரு கொட்டாவி வந்தது. எனக்குள் இருந்த எழுத்தாளன் எழுந்துகொண்டான்.

"அதாவது" என்று மைக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். "நாளைக்கே உங்கள் கடையில் சிகரெட் விற்பதை நிறுத்திவிட்டாலும் சரி, கம்பெனி உங்கள் கடைக்குச் செய்து கொடுத்த எதையும் திரும்பக் கேட்காது!"

மண்டபம் அதிர்ந்தது. விசில்கூட வந்தது. அதிகாரி தன் வாக்கியத்துக்குத்தான் இவ்வளவு வரவேற்பு என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார். டீலர் மட்டும் தட்டவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள், நடுவில் ஒரு பெண்மணி எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப சொன்னியே, அது நெசமா?"

"என்னம்மா?" என்றேன், தெரியாதவன்போல.

"ஆவடில ஃபேக்டரி கேட்டாண்ட என் கடை கீது. மின்னாடி நெழலுக்குத் தகர ஷீட்டு போட்டு, போர்டு மாட்டிக் குடுத்தது உங்க கம்பெனிதான், இல்லன்னு சொல்லல. எங்க ஊட்டுக்காரரு ஒரு பீடி தொட்டவரு இல்ல சார். கல்லாவுல குந்திக்கினு ஊர்ல கீறவன் வுட்ற புகையெல்லாம் இழுத்ததுதான். இப்ப மூச்சு வுட முடியல. புகை இருக்கற எடத்துல குந்தவே கூடாதுன்ட்டாரு டாக்டரு. ஊடு கடைக்குப் பின்னாடி, ஒரே ரூமு. அவர எங்க சார் கொண்டு போய் வெப்பேன்? அதான் சிகரெட்டே வாணாம்னு நிறுத்திட்டேன். நிறுத்துன ஒடனே டீலரு ஆளுங்க ஷீட்டக் கயட்டணும்னு வந்து நிக்கிறாங்க. ஷீட்டு போச்சுன்னா வெயிலு நேரா உள்ள எறங்கும். கலர் குடிக்கக்கூட ஒருத்தன் நிக்க மாட்டான். அவரு எங்க உக்காருவாரு? நீங்க புகை இல்லாம போவப் போறேன்றீங்க. நான் உங்களுக்கு மின்னாடியே போயிட்டேன். என் ஷீட்டு இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லு."

"அக்கா கரெக்டா கேக்குது!" என்று ஒரு குரல். "பதில் சொல்லு சார்!" என்று இன்னொன்று.

டீலர் எழுந்துவிட்டார். "இன்னாம்மா, பங்சன்ல வந்து பிரச்சினை பண்ணிக்கினு? அப்பால பேசிக்கலாம், உக்காரு."

"அப்பால நீ ஷீட்டத் தூக்கிக்கினு பூடுவ. இங்கயே பேசு, இத்தினி பேரு கீறாங்க."

அதிகாரி என் பக்கம் சாய்ந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று புன்னகையோடு கேட்டார். 'உங்களுக்கு நன்றி சொல்கிறார்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் சாப்பிடப் போயிருப்போம். அந்த வரி நாக்கு நுனி வரை வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மா நாற்காலியைப் பிடித்திருந்த பிடி தளரவே இல்லை. முப்பது வருடமாகப் பெட்டிக்கடை நிழல்களில் நின்று புகைவிட்டவன் நான். அந்தக் கல்லாவில் உட்கார்ந்து என் புகையை யார் இழுத்தார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை விடாமல் அதிகாரிக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குழம்பினார். "எதையும் திரும்பக் கேட்க மாட்டோம் என்று நான் எப்போது சொன்னேன்?"

"இப்போதுதான் சார்."

"நானா?"

"தமிழில்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அந்த வாக்கியத்தை நான் சேர்த்தேன் சார். கூட்டம் தூங்கிவிட்டது."

டீலர் மேடைப் படி ஏறி வந்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இவன் வெறும் டிரான்ஸ்லேட்டர், இவன் சொன்னது கம்பெனி சொன்னதாகாது என்றார். அதில் பிழையே இல்லை. இலக்கணத்தில் இருந்தது, கருத்தில் இல்லை. கீழே நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அதிகாரி தலையைத் திருப்பி, எங்களுக்குப் பின்னால் மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டியிருந்த பேனரைக் காட்டினார். "அதில் என்ன எழுதியிருக்கிறது?"

"'புகையில்லா எதிர்காலத்துக்கு இணைந்து நடப்போம்.'"

"அதுவும் நீங்கள் சேர்த்ததா?"

"இல்லை சார், அது உங்கள் புத்தகத்தில் இருப்பது. அதில் நான் கை வைக்கவில்லை."

அவர் வெந்நீர் ஒரு வாய் குடித்தார். இளைஞராக இருந்தாலும் கெட்டிக்காரர். புகையை விடச் சொல்லிக் கூட்டம் போட்ட கம்பெனி, புகையை விட்ட ஒரே கடையின் கூரையைப் பிரித்தால் அது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு மேல் வேறு ஏதோ ஒன்றும் அவர் முகத்தில் இருந்தது. அந்த அம்மாவை அவர் பார்த்த விதத்தில் கணக்கு மட்டும் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. மைக்கை என்னிடமிருந்து வாங்கி, சுருக்கமாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஷீட் இருக்கும்" என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

இந்தமுறை வந்த கைதட்டலில் என் பங்கு எதுவும் இல்லை. அந்த அம்மா கைதட்டவும் இல்லை, அழவும் இல்லை. டீலரைப் பார்த்து, "கேட்டுக்கினியா?" என்றார். அவ்வளவுதான். அதிகாரி, சூயிங்கம்மை மட்டும் கடையில் வைப்பீர்களா என்று கேட்கச் சொன்னார்.

"புகை வராதில்ல? வெக்கறேன். ஆனா ஸ்கூல் பசங்க கேட்டா குடுக்க மாட்டேன், நல்லா கேட்டுக்க."

அதையும் சொன்னேன். கொடுக்கவே கூடாது என்றார் அதிகாரி, முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தபடி.

பிரியாணி வரிசையில் அவர் எனக்குப் பின்னால் நின்றார். "அடுத்த கூட்டத்துக்கு வந்தால் நான் சொன்னதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அல்லது நான் என்ன சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே எனக்குத் தெரிவித்துவிடுங்கள்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு ஏஜென்சி என்னைக் கூப்பிடவில்லை. நியாயம்தான்.

ஆனால் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மேடையில் அதிகாரி கொடுத்த வாக்கை மறப்பதற்கு டீலருக்கு எவ்வளவு நேரமாகும்? புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் ரயில் பிடித்து ஆவடி போய், ஷேர் ஆட்டோவில் ஏறி, விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தேன்.

ஷீட் இருந்தது. கம்பெனி போர்டின்மேல் நீல பெயின்ட் அடித்து, 'கூல்டிரிங்ஸ், ஜெராக்ஸ்' என்று எழுதியிருந்தார்கள். நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சந்தோஷம் சாதாரணமானதல்ல. முப்பது வருடப் பழக்கத்தில், சந்தோஷம் வந்தால் கை எங்கே போகுமோ அங்கே போனது. பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த ஷீட்டுக்குக் கீழேயே நின்று பற்றவைத்தேன்.

"யோவ் பெர்சு! கண்ணு தெரியல? வெளிய போய் ஊதுய்யா!"

கல்லாவிலிருந்து எழுந்து வந்த அந்த அம்மா, கிட்டே வந்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "ஐயோ, நீயா சார்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். ஒரு வினாடிதான். "நீயா இருந்தாலும் வெளிய போ சார்."

போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மண்டை பிளக்கிற வெயிலில் நின்றேன். இரண்டு இழுப்புக்கு மேல் இறங்கவில்லை. காலில் போட்டு மிதித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்ததும், நாற்காலிக்காரர் பக்கத்து ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். பன்னீர் சோடா வந்தது.

"மேடையில நீங்களா எதையோ சேர்த்து வுட்டுட்டீங்களாமே?" என்றார், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?"

"டீலரு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறானே" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அந்த அம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். இருமல் நின்றது. ஒரு நீண்ட மூச்சை இழுத்து, நிதானமாக விட்டு, அடுத்த பூண்டை எடுத்தார். நானும் முறத்திலிருந்து ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

நான் சிகரெட்டை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். கம்பெனியைப் போல எனக்கும் ஒரு வியூகம் இருக்கிறது, தேதிதான் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அடுத்தவர் நிழலில் நின்று பற்றவைப்பதில்லை. சென்னை வெயில் மீதியைப் பார்த்துக்கொள்கிறது, எண்ணிக்கை பாதியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் நான் தமிழாக்கிய வாக்கியங்களில் எவையெல்லாம் நிறைவேறின என்று எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தது ஒன்றைத்தான். அது எந்த ஆங்கிலத்திலும் இல்லாதது, நிறைவேற்றியதும் நானல்ல, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற ஒரு பெண்மணி. அந்த வாக்கியத்தின் கீழே ஒரு மனிதர் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம், இந்தத் தொழிலைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளும் கிண்டல்கள் கொஞ்ச நேரத்துக்கு வாயை மூடிக்கொள்கின்றன.