பாலத்தடியில் பிடித்ததாகச் சொன்ன மீன்கள்

சென்ற வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இரத்தினபுரிப் பக்கம், எஹலியகொடைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எனக்கும், பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்த என் மகளுக்கும் தூண்டில் என்றால் பைத்தியம்.

எங்கள் தோட்டத்தில் மீன் பிடிப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. எங்கே பிடித்தது என்று கேட்டால் யாரும் சரியான இடத்தைச் சொல்லமாட்டார்கள். அதை யாரும் பொய் என்று எடுத்துக்கொள்வதுமில்லை.

நானும் மகளும் பல மாதம் அலைந்து ஓர் இடத்தைக் கண்டுபிடித்தோம். மீன்கொத்தி எங்கே திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது, தண்ணீர் எங்கே கறுத்து நிற்கிறது என்றெல்லாம் பார்த்துப் பார்த்துத் தேடிய இடம். ரப்பர் மலை முடிந்து, மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்ட குழிகளைத் தாண்டினால் ஆற்றோரம் ஒரு தட்டைப் பாறை. அதன் அடியில் விரால்கள் கிடந்தன.

கேட்டவர்களுக்கெல்லாம் "பாலத்தடி" என்றே சொன்னோம். சந்தேகம் வராமலிருக்கப் பாலம் வரைக்கும் போய், ஆள் பார்க்காத நேரத்தில் ஆற்றோரமாக மேலே திரும்புவோம். மீனைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும்போதுகூட எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் தெரியும்படி எடுப்போம். என் மனைவிக்கே இடம் தெரியாது. "அம்மாகிட்ட சொன்னா காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல அதான் பேச்சா இருக்கும்பா" என்பாள் மகள்.

கீழ் லயத்து வரிசை வீடொன்றில் ரப்பர் பால் வெட்டும் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் தூண்டில் பிடிக்கும். என்னைக் காணும்போதெல்லாம், "என்ன சேர், அதே பாலத்தடியில எங்களுக்கு மட்டும் யாரோ கழட்டிப்போட்ட பழைய சப்பாத்துதான் மாட்டுது?" என்று சிரிப்பார். இடத்தை மோப்பம் பிடிக்கத்தான் வருகிறார் என்று எனக்குள் எரிச்சல்.

அந்த ஞாயிறு, ஆஸ்பத்திரியில் இருந்த உறவினர் ஒருவரைப் பார்க்க நான் தனியாக இரத்தினபுரிக்குப் போயிருந்தேன். பின்னேரம் திரும்பி வர பஸ் ஏறியதும் மழை கொட்டத் தொடங்கியது. மனைவி அழைத்தாள்.

"பிள்ள தூண்டில எடுத்துக்கிட்டுப் போனவ இன்னும் வரலீங்க. போனும் போகுதில்ல. ஆறு ஏறிருச்சு. எல்லாரும் பாலத்தடிக்கு ஓடியிருக்காங்க."

"அங்க இருக்கமாட்டா" என்றேன்.

"அங்க இல்லாட்டி வேற எங்கங்க?"

பாலத்துக்கு மேலே என்றேன். எவ்வளவு மேலே, எந்தப் பக்கம் என்று கேட்டாள். அந்த இடத்துக்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை. யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றிருந்த இடத்துக்குப் பெயர் எதற்கு? ரப்பர், குழி, பாறை என்று நான் உளறிக்கொண்டிருந்தபோது மனைவியின் கையிலிருந்து ஃபோனை யாரோ வாங்கினார்கள். கீழ் லயத்துக்காரர்.

"மூங்கிப் பொதருக்குக் கீழ உள்ள தட்டப் பாறதானே சேர்? எனக்குத் தெரியும். நான் போறேன்."

அதன் பிறகு நாற்பது நிமிடம் ஃபோன் அடிக்கவில்லை. பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று நின்று போனது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். குடிக்கும்போது என் பல் போத்தலில் அடித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

நடந்ததை மகள்தான் பிறகு சொன்னாள். ஆறு பெருகிக் கரை மேல் ஏறியிருக்கிறது. பாறையைச் சுற்றிலும் தண்ணீர். கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று நினைத்து இறங்க ஒரு காலை வைத்திருக்கிறாள். மாணிக்கக் குழிகளெல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில், இருந்த இடம் தெரியாமல் நிரம்பிக் கிடந்தன. அப்போதுதான் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து குரல் கேட்டது.

"பாப்பா, காலத் தூக்கு. பாறையிலயே நில்லு."

அவர் நீளமான மூங்கில் கம்பால் குத்திக் குத்திப் பார்த்து, குழிகளுக்கு இடையில் இருந்த கெட்டித் தரையில் ஒவ்வோர் அடியாக வைத்து வந்து அவளை அழைத்துப் போனார். ஓரிடத்தில் கம்பு முழுதாக உள்ளே இறங்கியதை மகள் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இப்போதும் தாழ்ந்துவிடும்.

நான் வீட்டுக்குப் போனபோது அவர் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமாத் தெரியும் சேர். மேல் மலையில பால் வெட்டுறப்ப பாத்தேன். பாப்பா ஒரு பெரிய வெரால இழுத்துக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப நீங்க ஏன் அங்க வந்து போடல?"

"நீங்க தேடிப் புடிச்ச எடமில்லயா? அதோட, நீங்க அவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்றப்ப நான் போய் அங்க நின்னா நல்லாவா இருக்கும்?"

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

மழை விட்ட பிறகு, அவரும் நானும் இன்னும் நாலைந்து பேருமாகப் போய்க் குழிகளைச் சுற்றி மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டினோம். இடம் ஊருக்கே தெரிந்துபோனது. மகளுக்கு மனம் ஆறவில்லை. "நாம தேடின எடம்பா" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே, "சரி, எடத்தச் சொல்லலாம். என்ன எர போடுறேன்னு மட்டும் சொல்லமாட்டேன்" என்று இறங்கி வந்தாள். இப்போது புதிய இடங்கள் தேடிப் போகிறாள். போகுமுன் எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

வானம் கறுத்தால் என் கை இன்னும் ஃபோனைத் தேடுகிறது. அந்தப் பாறையடியில் முன்பு போல மீன் விழுவதில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் அங்கே நாலு பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைக் காணும்போது, என் பிள்ளைக்கு அன்று நான் கொடுக்கத் தவறிய காவல் இதுதான் என்று தோன்றுகிறது.