பாவா விழுங்கிய 'ஆனா'

மொட்டை மாடித் தொட்டி நிறைந்து சன்ஷேடில் தண்ணீர் விழும் சத்தம். சொத், சொத்சொத், பிறகு ஒரே தாரை. எந்த ஊரில், எந்த வாடகை வீட்டில் அதைக் கேட்டாலும், என் கால்கள் திருத்தணியில் அக்கா வீட்டு மாடிப்படியை ஏறத் தொடங்கிவிடும். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத கால்கள். சத்தம் ஒரு சாக்கு.

அக்கா வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அணை வேலையிலேயே தலை நரைத்த இன்ஜினியர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஓர் அணை எப்படியெல்லாம் உடையக்கூடும் என்று, உடைவதற்கு முன்பே பலரையும் உட்காரவைத்து யோசிக்கச் செய்யும் கூட்டங்கள் உண்டு. அவற்றை நடத்துகிறவராக வேண்டும். அதற்கான தகுதிகள் ஒரு தாளில் இருந்தன. அணையில் நீண்ட அனுபவம்: இருந்தது. இத்தகைய கூட்டங்களில் உட்கார்ந்த பழக்கம்: இருந்தது. மூத்தவர் ஒருவருக்குத் துணையாக நடத்தியது: அதுவும் ஆயிற்று. கடைசி வரிதான் இடித்தது. தன் கருத்தைத் திணிக்காமல், பேசாதவர்களையும் பேசவைக்க வேண்டும். நான் அங்கே போயிருந்த நாளுக்கு மறுநாள், ஓர் அணையில் அவர் நடத்துவதை அந்த மூத்தவர் பின்வரிசையிலிருந்து பார்ப்பார். சரி என்றால் இனி தனியாக நடத்தலாம். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கலாம்.

அக்காவுக்கு அந்த இரண்டாவதுதான் பயம்.

பாவா ஒரு கேள்வி கேட்டால் பதிலையும் அவரே சொல்லி, அதை மறுத்து, மறுப்புக்கும் பதில் சொல்லித்தான் ஓய்வார். மலைப்படி இறங்குகிற மாதிரி. ஒன்றில் கால் வைத்தால் அடுத்தது தானாக வரும்.

"ஒத்திகை பாத்துக்கலாம் மச்சான்," என்றார். "நம்ம தொட்டிதான் அணை. நீ எழுதிக்கினே வா. தொட்டி எப்பிடி கெடும்? சொல்லு."

நான் வாய் திறப்பதற்குள், "சிமெண்டு வெடிக்கும். ஏன் வெடிக்கும்? வெயிலு…" என்று இறங்கிக்கொண்டிருந்தார்.

"பாவா, நீங்க ஃபெயிலு."

கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா பக்கம் திரும்பினார். "நீ சொல்லுமே."

"நான் இன்னாத்த சொல்றது? நீங்கதான இன்ஜினியரு."

அவர் காத்திருந்தார். அவர் காத்திருந்து நான் பார்த்த முதல் தடவை. அக்கா ஒரு முழு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"ஆடிக் கிருத்திகைக்கு சொந்தக்காரங்க அத்தினி பேரும் வந்துட்டாங்க. தண்ணி தீந்துபோச்சி. மோட்டார போட்டுட்டு, கேட்டாண்ட நின்னு பேசிக்கினு இருக்கீங்க."

"ஆங், அப்பறம்?"

"தொட்டி ரொம்புது. மிஞ்சின தண்ணி போற குழா வாயில, கொசு பூரக் கூடாதுன்னு ஒருத்தர் வல கட்டி வெச்சிருக்காரு. வலையில பாசி அடச்சிகினு கீது. தண்ணி மூடி மேல வழியுது, செவுத்தோட எறங்குது. செவுத்துல இன்னா கீது? மோட்டார் சுவிட்சு."

வலை கட்டிய அன்று தெருவையே மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியவர் பாவா. இப்போது அவர் தொண்டையில் ஓர் 'ஆனா' ஏறி வந்தது. குரல்வளை அசைந்தது. விழுங்கிவிட்டார்.

"எழுதிக்கோ மச்சான். அவ சொன்ன மாதிரியே எழுது. வல யாரு கட்னதுன்னும் எழுது."

பிறகு கத்தரிக்கோலோடு மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பச்சை நாராகக் கையோடு வந்தது வலை. மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்து குழாய் வழியே தண்ணீர் வரும்வரை நின்றோம். கீழே சன்ஷேடில், சொத்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்கு நின்றபோது பாவாவின் நாக்கு மறுபடி துறுதுறுத்தது. "அங்க மதகு தொறக்கற லஸ்கர் ஒருத்தர் இருக்காரு மச்சான். தெனம் கரமேல நடக்கற மனுசன், அவருக்குத் தெரியாதது இல்ல. எந்தக் கூட்டத்துலயும் வாயத் தொறந்ததில்ல. நான் இன்னா நெனைக்கறேன்னா, அந்த எடது கரையில…"

வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார். அக்கா ஜன்னல் வழியாகப் புளிசோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"நீங்க இன்னா நெனைக்கறீங்கன்றத இதோட சேத்து மென்னு முழுங்கிடுங்க. அந்த லஸ்கரு பேசி முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

"ஆங்," என்றார் பாவா.