ஊரா, காலனியா?

ஜி.எஸ்.டி. சாலையில் அன்று காலை வாகனச் சோதனை. நான் லைசென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டேன். போலீஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன்.

"ஊரா, காலனியா?"

"ஊருதான் சார்."

போகச் சொல்லிவிட்டார்.

பின்னால் வந்தவன் என்னோடு ஒரே கம்பெனியில் வேலை செய்யும் அந்தோணி. ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. அவனிடமும் அதே கேள்வி. "காலனி சார்" என்றான். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக நிற்க வைத்தார்கள். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

மதியம்தான் வேலைக்கு வந்தான்.

"எல்லாம் கரெக்டா வச்சிகினு இருந்தியே, அப்பறம் இன்னாத்துக்கு நிறுத்துனாங்க?" என்றேன்.

"தெரியாத மாரி கேக்குறியே மச்சான். நான் வேலைக்கி சேந்த அன்னிக்கி நீயும் அதத்தான கேட்ட?"

கேட்டேன்தான். பதில் தெரிந்ததும் சாப்பாட்டு டேபிளில் இடம் மாறி உட்கார்ந்தேன். அதை மட்டும் அவன் சொல்லவில்லை.