வலியசாலை விபூதியும் உஸ்தாத் கையும்

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, விபூதி எடுக்க அந்தப் பழைய பவுடர் டப்பாவைத் திறந்தேன். அதே நேரம், உஸ்தாத் காலமானார் என்று கூடத்து டிவியில் சொன்னார்கள். எடுத்த விபூதி விரலிலேயே நின்றது. தபலா உலகத்துக்கே அவர் உஸ்தாத். எனக்கோ இந்த டப்பா வழியில் உறவு.

அவர் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்த காலத்தில் எனக்குப் பகலில் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வேலை. மாலையில் சபாவில் ஜமுக்காளம் விரிப்பேன். சங்கீதம் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். ஜமுக்காளம் சுருக்கமில்லாமல் விரிப்பேன்.

உஸ்தாத் முதல்முறை வந்தபோது தம்பானூர் ரயில் ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். தபலாப் பையைத் தொட விடவில்லை. ஆட்டோவில், தூங்குகிற குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டார். பாட்டுக்காரர் பெயருக்குக் கீழே தபலாக்காரர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்ட காலம் அது. மேடை ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து உட்கார்ந்து, தபலாவை மட்டும் கேட்கவே மண்டபத்தை நிறைத்தவர் அவர்.

அன்று துலாமாசப் புழுக்கம். கை வேர்த்தால் இடது உள்ளங்கை தபலாத் தோல்மேல் வழுக்காது. அந்தக் கும்மென்ற நாதம் இழையாது. பூசிக்கொள்ளும் பவுடரோ ரயிலோடு போய்விட்டது. திரை தூக்குகிற நேரம். சபா செக்ரட்டரி நாயர் கத்தினார்: "பவுடர் எவிடே? ஸ்வாமீ, உங்க வீடு அடுத்த தெருவல்லே, ஓடும்!"

ஓடிப்போய், கண்ணில் பட்ட பவுடர் டப்பாவோடு வந்தேன். அதற்குள் திரை தூக்கியாயிற்று. உஸ்தாத் உள்ளங்கையில் தட்டினார். முகர்ந்தார். புருவம் சுருங்கியது. முன்வரிசையில் என் மனைவி எழுந்தேவிட்டாள்.

"ஏன்னா! அதுல கோயில் விபூதின்னா போட்டு வெச்சிருக்கேன்!"

சபை சிரித்தது. சுவாமி பிரசாதத்தைத் தோலில் தேய்க்கக் கொடுத்துவிட்டேனே. வேறு மதத்துப் பெரியவர் கையில் கேட்காமல் சேர்த்துவிட்டேனே. கச்சேரி போயிற்று என்றே நினைத்தேன். நாயர் தமக்குத் தெரிந்த ஹிந்தியில், "மந்திர் கா பிரசாத்" என்று இழுத்தார்.

உஸ்தாத் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தார். நாயர் மைக்கில் மொழிபெயர்த்தார்: "இன்னைக்குத் தப்பு விழுந்தா அதுக்கு உங்க கோயில் ஸ்வாமிதான் பொறுப்புன்னு உஸ்தாத் பறையறார்!"

தப்பு விழவில்லை. விழுந்திருந்தாலும் எனக்கா தெரியப்போகிறது? ஆனால் அந்த இடது கை வழுக்கியபோது அந்தக் கும் நாதம் அடிவயிற்றில் கேட்டது. கச்சேரி முடிந்து அவர் கையூன்றி எழுந்த இடத்தில், நீல ஜமுக்காளத்தில் இரண்டு வெள்ளைக் கைத்தடம். உதறாமல் மடித்தேன்.

பிறகு எப்போது வந்தாலும் மேடையேறுமுன் என்னைத் தேடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே மலையாளம்: "டப்பா எவிடே?" போன வருஷம் அவருடைய சிஷ்யை ஒருத்தி வந்தாள். கையில் நல்ல பவுடர் வைத்துக்கொண்டே, வலியசாலை டப்பாவைக் கேட்டு வாங்கச் சொன்னார் குரு என்றாள். எங்கள் வலியசாலைத் தெருவுக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்?

மண்டபம் இப்போது ஜவுளிக்கடை. நாயர் இல்லை. ஜமுக்காளமும் இற்றுப்போயிற்று. விரலில் நின்ற விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு திரும்பினால், என் மனைவி டப்பாவை விளிம்புவரை நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

"யாருக்கு இவ்வளவு?"

"அவர் சிஷ்யாள் வருவாளோன்னோ!"

வருவார்கள். "டப்பா எவிடே?" என்கிற அந்தக் குரல்தான் இனி வராது.