மாமாவின் டிரான்ஸ்பர்

புதுச்சேரியில் அரசாங்க வேலை பார்ப்பவர்கள் வீட்டில் டிரான்ஸ்பர் என்றால் ஏனாம் என்று அர்த்தம். ஆந்திரத்துக்கு நடுவில் கிடந்தாலும் அதுவும் எங்கள் புதுச்சேரிதான். குமாஸ்தாவான என் அப்பாவுக்கு அந்த ஆர்டர் வந்தபோது வீடே இழவு வீடாகிவிட்டது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார். டாக்டர் சர்டிபிகேட் போனது, டிரான்ஸ்பர் ரத்தானது. மறுநாளே இடுப்பும் நிமிர்ந்துகொண்டது.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, கருவடிக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக் கம்பெனி ஒன்று நடத்திய கிளப்பில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினார். அவர் கோல் போடாத ஞாயிறு எனக்கு ஞாயிறே இல்லை.

ஒருநாள் சென்னை கிளப் ஒன்றின் மேனேஜர், மாமாவைத் தன் கிளப்புக்கு மாற்றிக்கொள்ளக் காகிதங்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா கேசரி கிளறியபடி, "மாமாவுக்கு டிரான்ஸ்பர் வந்துருக்குடி" என்றாள். எட்டிப் பார்த்தேன். மாமா பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். தன்னை வளர்த்த அக்காவின் பேச்சை அவர் தட்டியதே கிடையாது.

மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

"சார், மாமாவுக்கு முட்டி போயிடுச்சு சார். தைலம் போட்டுக்கினு அழுவுறாரு. ஏனாமுக்கெல்லாம் போவ முடியாது."

"ஏனாமா?" என்று அவர் விழித்தார்.

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னாடி ஒளர்ற? அவன் கால் நல்லாத்தான் இருக்கு!"

மாமா மெல்ல எழுந்தார். தண்ணீர்ப் பானை வரைக்கும் நாலடி வைத்தார். நாலடியும் நொண்டினார்.

"கொழந்த பொய் சொல்லாது சார்" என்றார்.

மேனேஜர் கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். என் முதுகில் இரண்டு விழுந்தது. அம்மா ஒரு வாரம் மாமாவோடு பேசவில்லை. நானோ அவரை ஏனாமிலிருந்து மீட்டுவிட்ட மிதப்பில் திரிந்தேன்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் மாமாவுக்கு அதே கிளப், அதே நீலச் சட்டை. ஒவ்வொரு கோலுக்கும் நான் இருக்கும் பக்கம் ஓடிவந்து நாலடி நொண்டுவார். அது அவருடைய ஸ்டைல் என்று மைதானமே கைதட்டும். சின்னப் பையன்களும் கோல் போட்டால் நொண்டினார்கள். என்னைக் கேலி செய்கிறாரே என்று வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்வேன்.

கடைசி ஆட்டத்துக்கு அம்மாவும் வந்திருந்தாள். மாமா கோல் போட்டார், நொண்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"திருட்டுப் பய. இந்த கிளப்ப வுட்டுப் போவ மனசில்லன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் வர்ல பாரு."

கோலுக்குக் கோல் மாமா எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் என்று பதினாறு வருடமாக எனக்குத் தெரியவில்லையே!