றெமிஜியஸ் நட்ட கம்பங்கள்

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடியில் எவர் வீட்டுத் திரைச்சீலைக் கம்பி கழன்றாலும் றெமிஜியஸைத்தான் கூப்பிடுவோம். அவனுடைய வேலை என்னவோ ரெலிபோன் கோபுரங்களில் ஏறுவது. ஆனாலும் முகம் சுளிக்காமல் ஸ்குறூ டிறைவரோடு வந்து நிற்பான். குருநகரில் பிறந்து, கடலில் வலை இழுத்து, ரொறன்ரோவுக்கு வந்து கோபுரம் ஏறப் பழகிய மனிதன். எனக்குப் பக்கத்து வீடு. அவனைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2009 சித்திரையில் குறை சொல்ல ஊரே கிளம்பியது. வன்னியில் போர் முடிகிற நேரம். நாங்கள் யூனிவேர்சிற்றி அவெனியூவில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நிற்க, இவன் வட துருவத்துப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புறப்பட்டான். மேல்வானத்தைக் கவனிக்கிற ராடர் ஒன்று அங்கே இருந்தது. அதன் அன்ரெனாக் கம்பங்களை பனிக்காலப் புயல் முறித்துப் போட்டிருந்தது. நிலம் உறைந்து கிடக்கும்போதே புதியவற்றை நட்டுவிட வேண்டும். பனி இளகினால் சாமான் வண்டி சேற்றில் புதைந்துவிடும், பிறகு அடுத்த வருடம்தான்.

"வாறன் எண்டு தை மாசமே சொல்லிப்போட்டன். இப்ப எப்பிடி மாட்டன் எண்டுறது?" என்றான் என்னிடம்.

"சனமெல்லாம் றோட்டில நிக்குது, உவர் பனிக்கரடிக்குக் கம்பம் நடப் போறார்" என்று, எங்கள் வேதக்கோயில் பேஸ்மென்றில், ஊர்ச்சேதியெல்லாம் காவித் திரிகிற செலீன் அன்ரி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அவனுக்கு வன்னியில் ஒருவரும் இல்லை என்றா நினைத்தார்? கூடப்பிறந்த ஒரே அக்கா ஜெயமலர் முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டவள். மாசியோடு அவளுடைய சத்தம் நின்றுபோயிற்று. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது தம்பி வீட்டு ரெலிபோன் நம்பர் மட்டும்தான். ஆகவே வீட்டில் எப்போதும் ஆள் இருக்க வேண்டும் என்று மனைவி வேரோனிக்காவிடம் சொல்லிவிட்டே போனான். அவள் கடைக்குப் போகிற நேரங்களில் நான் போய் அந்த ரெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே வேலை எப்படி நடந்தது என்பதைப் பிறகு அவனே சொன்னான். கிடையில் கிடக்கும் கம்பத்தில் கயிறு பூட்டி, எல்லாரும் ஒரே மூச்சில் இழுத்து நிமிர்த்த வேண்டும். ஆளுக்கொரு நேரம் இழுத்தால் கம்பம் கோணிவிடும். காற்றின் இரைச்சலில் இங்கிலீசில் எண்ணினால் ஒருவருக்கும் விளங்காது. இவன் ஊரில் கரைவலை இழுக்கும்போது பாடும் ஏலேலோப் பாட்டைப் போட்டான். கூட வேலைக்கு வந்த கியூபெக்காரனும் நிலையத்து விஞ்ஞானிகளும் இரண்டு நாளிலேயே அதற்குப் பழகிவிட்டார்களாம்.

வைகாசி நடுவில் போர் முடிந்தது என்றார்கள். அந்த வாரமே செலீன் அன்ரி வந்து, ஜெயமலரின் உடலைக் கண்ட ஒருவரோடு கதைத்த ஒருவர் சொன்னாராம் என்றார். எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு போதாதா? ஓர் ஆத்துமத்தைப் பூசையில்லாமல் விடக்கூடாது என்று வேரோனிக்கா பயந்து, மாதக் கடைசி ஞாயிறுக்கு, செத்தவர்களுக்கு வைக்கும் இளைப்பாற்றிப் பூசைக்குச் சுவாமியாரிடம் பெயர் கொடுத்துவிட்டாள்.

றெமிஜியஸ் சற்றலைற் போனில் வீட்டுக்கு எடுத்தபோது, ஸ்பீக்கரில் போட்ட ரெலிபோனுக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன்.

"ஆர் கண்டது?"

"கண்ட ஆளோட கதைச்ச ஆள் சொன்னதாம்."

"உயிரோட இருக்கிறவளுக்கு ஆத்துமப் பூசையோ? விசரே உமக்கு? பேரை எடும்!"

"றெமி, பிறகு பாவமப்பா..."

"இஞ்சை புயலடிச்ச நாள் தொடக்கம் ராடரில ஒரு சத்தமும் இல்லை. அதுக்காக மேல வானம் இல்லாமப் போச்செண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கம்பத்தைத்தான் நட்டுக்கொண்டிருக்கிறம்."

அவன்மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்றைக்கு இரண்டு மடங்காயிற்று. வேரோனிக்காவுக்கோ பெயரை எடுக்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. அப்படியே இழுத்தடித்தாள்.

பூசைக்கு மூன்று நாள் முதல், வியாழன் காலை, நானும் அங்கே இருக்கும்போது ரெலிபோன் அடித்தது. சவர்க்காரக் கையோடு எடுத்த வேரோனிக்கா ஸ்பீக்கரில் போட்டாள். அகதி முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த போனிலிருந்து ஜெயமலர்.

"தம்பி எங்கை?"

"துருவத்துப் பக்கம், வேலைக்குப் போட்டார் மச்சாள்."

"ஐயோ, அந்தக் குளிருக்கை தனியவோ விட்டனீங்கள்?"

எங்கிருந்து தப்பி வந்தவள் எதற்குக் கவலைப்படுகிறாள் என்று நான் வாய்விட்டு அழுதேன். பிறகு அவள் குரல் தணிந்தது. "அவர் இல்லை வேரோனிக்கா. கிடங்கு வெட்டிப் புதைக்கவும் விடேல்லை. அங்கை ஒரு பூசை ஒப்புக்குடுங்கோ." அதோடு லைன் அறுந்தது.

அவர் என்றால் அருள்நாயகம், அவளுடைய புருசன். றெமிஜியஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்.

சேதி போனபோது அங்கே கடைசிக் கம்பம் மட்டும் மிச்சம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு ஏலேலோ பாட வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்த கியூபெக்காரன், ராகமெல்லாம் பிசகிய ஓர் ஏலேலோவைத் தானே எடுத்தான். மற்றவர்கள் பின்பாட்டுப் போட்டார்கள். கம்பம் கோணாமல் எழும்பியது. ராடரை இயக்கினார்கள். புயலுக்குப் பிறகு முதல் தடவையாக வானத்திலிருந்து எதிரொலி வந்தது.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு எடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "பூசை அப்பிடியே கிடக்கட்டும். பேரை மாத்தும்."

ஞாயிற்றுக்கிழமை செலீன் அன்ரி எல்லாருக்கும் முதல் வந்து கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். சுவாமியார் அருள்நாயகத்தின் பெயரை வாசித்தார்.